அப்பாவுக்கு நான் வாசித்துச் சொன்ன தாள்

நம் பள்ளி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சின்ன வயசைப் பற்றி எழுதுகிறீர்கள். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தந்த மாங்காய்க் கீற்றைப் பற்றி ஒருத்தி எழுதினாள். மழையில் மூழ்கிய ரயில் பாதையில் கைகோத்து நடந்ததைப் பற்றி இன்னொருத்தி எழுதினாள். என்னை மட்டும் மூன்று முறை கேட்டாயிற்று, வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள் நீதானே, நீ ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று. எழுதுகிறேன். உங்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் எதையும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அது முக்கியம்.

ஆறாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நான் பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை. நான் ஊருக்குப் போயிருப்பதாக டீச்சர் உங்களிடம் சொல்லியிருந்தாராம். நான் எங்கும் போகவில்லை. உங்களிடமிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டை உங்களில் ஒன்றிரண்டு பேர் பார்த்திருக்கிறீர்கள். தாராவியில் ஒரே அறை. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வாசலை ஒட்டி அப்பாவின் தையல் மிஷின். பக்கத்துச் சந்தில் தோல் பதனிடுவார்கள். அந்த வாடை எங்களுக்குப் பழகிப்போய், மழை நாளில் மட்டும்தான் மூக்கில் ஏறும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். இந்தி, கடைக்கு வேண்டிய அளவு வரும்: தோள் இவ்வளவு, நீளம் இவ்வளவு, நாளைக்கு வா. இங்கிலீஷ் என்றால் எழுந்து நிற்பார். என்னை மாட்டுங்காவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே, எங்கள் சந்தில் பெரிய பேச்சாக இருந்தது. நூல்கண்டில் ஒட்டியிருக்கும் சீட்டைக்கூட என்னை வாசிக்கச் சொல்வார். ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்களிடம், “எம்பிள்ள எதக் குடுத்தாலும் வாசிச்சுரும்” என்பார். அதைக் கேட்பதற்காகவே நான் வாசலில் நிற்பேன்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். ஆறு வயது. அப்பா மிஷின் மிதிக்கும்போது அவர் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் பட்டன்களை நிறம் பார்த்துப் பிரிப்பாள். பிரித்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். வெட்டித் தள்ளிய மஞ்சள் துணியில் அப்பா அவளுக்கு ஒரு கவுன் தைத்திருந்தார். கைப்பக்கம் சுருக்கு வைத்தது. அதைக் கழற்றவே மாட்டாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் காலிலும் கையிலும் நீலநீலமாகக் கன்றிப்போக ஆரம்பித்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னை இழுத்து வைத்து முதுகில் இரண்டு போட்டாள். பச்சைப் பிள்ளையை ஏன் கிள்ளுகிறாய் என்று கேட்டாள். நான் தொடவே இல்லை என்றேன். நம்பவில்லை. பத்து நாள் கழித்துத் தங்கச்சிக்கு மூக்கில் ரத்தம் வந்து நிற்காமல் மஞ்சள் கவுனெல்லாம் நனைந்தபோதுதான், நான் கிள்ளவில்லை என்பது வீட்டில் தெரிந்தது. அதற்குள் எங்கள் சந்து டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்திருந்தார், பிறகு காய்ச்சல் மருந்து, பிறகு பூச்சி மருந்து. கடைசியில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் கேன்சர் என்றார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. பீடி குடிக்கிற கிழவர்களுக்கு வருகிற நோய் என்றுதான் அப்பாவுக்குத் தெரியும். ஆறு வயசுப் பிள்ளைக்கு எப்படி என்று அவர் டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வார்டு இன்றும் எனக்கு மூக்கால்தான் நினைவிருக்கிறது. பினாயில், கொதித்த பால், ஸ்பிரிட். மொட்டைத் தலையோடு பிள்ளைகள் கட்டிலுக்குக் கட்டில் ஓடி விளையாடுவார்கள். கையில் ஊசி குத்தியிருக்கும், அதோடு ஓடுவார்கள். முதல் மாத வைத்தியத்தில் தங்கச்சி தேறிவிட்டாள். முடி கொட்டியது, ஆனாலும் கன்னத்தில் நிறம் வந்தது. ரத்தத்தில் இப்போது நோய் தெரியவில்லை, ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும், அதனால் அடுத்த கட்ட வைத்தியம் வேண்டும் என்றார்கள்.

இதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொன்னது ஒரு மாமி. மாட்டுங்காவிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். சம்பளத்துக்கு இல்லை, தொண்டுக்கு வந்தவர். பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் கொண்டுவருவார். தமிழ்க் குடும்பங்களுக்கு டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வார். மற்ற நாட்களில் நான்தான். பள்ளி முடிந்து நேராக வார்டுக்குப் போய்விடுவேன், பிறகு பள்ளிக்கே போகாமல் வார்டுக்குப் போக ஆரம்பித்தேன். எந்த மாத்திரை எப்போது, நாளைக்கு வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமா, இதெல்லாம் கேட்டு அம்மாவிடம் சொல்வேன். அங்கே ஒரு சின்ன டாக்டர் இருந்தார். பெண். வட்டக் கண்ணாடி. என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார், பெரியவர்களிடம் பேசுவது போல. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் எழுதும் பென்சில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அவரைப் போல ஆக வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அந்த டாக்டர் மேல் அவ்வளவு ஆசை.

தாள் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

சின்ன டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்தார். கையில் நாலு தாள். இங்கிலீஷில் இருந்தது, இந்தியிலும் மராத்தியிலும் உண்டு, தமிழில் இல்லை. மாமி வருகிற செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கலாமா என்று அப்பா என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அடுத்த கட்ட மருந்து திங்கட்கிழமை தொடங்க வேண்டும், பெயரை இன்றைக்கே பதிய வேண்டும் என்றார் டாக்டர். பிறகு அப்பாவைப் பார்த்து இந்தியில், உங்கள் மகள் இவ்வளவு நன்றாக வாசிக்கிறாளே, இவளை விடவா வேறு ஆள் வேண்டும் என்றார். அப்பாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்குத் தெரியும். என் முகமும் அப்படித்தான் மலர்ந்திருக்கும்.

முதல் தாளை வாசித்தேன். ட்ரையல் என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டரைக் கேட்டேன். மருந்தைக் கொடுத்து எது நல்லது என்று பார்ப்பது என்றார். தமிழில் சோதனை என்று சொல்ல வாயெடுத்தேன். சாமி எதுக்கு நம்மளை இப்படிச் சோதிக்குது என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்ல மனசு வரவில்லை. “ட்ரையல்” என்றே சொன்னேன்.

“ட்ரையலா” என்றார் அப்பா. சிரித்தார். “அதான் நமக்குத் தெரியுமே. போட்டுப் பாப்பாவ. சரியில்லன்னா பிரிச்சுத் தச்சுக்கிடலாம்.”

அம்மாவும் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான். அப்படி இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கே அதற்கு மேல் தெரியாது.

அடுத்து, இரண்டு வழி வைத்தியம் என்று எழுதியிருந்தது. ஒன்று, எல்லோருக்கும் கொடுத்துவந்த பழைய மருந்து. இன்னொன்று, பழைய மருந்தோடு புதிதாக ஒரு ஊசி. எந்தப் பிள்ளைக்கு எது என்று டாக்டர் தீர்மானிக்க மாட்டார். ஒட்டிய உறைகள் இருக்கும், வரிசைப்படி ஒன்றைப் பிரிப்பார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அது. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, “கோயில்ல பூக்கட்டிப் போட்டுப் பாக்க மாதிரிம்மா” என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா உடனே கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போ மனுஷன் சொல்லுவது இல்லை, சாமி சொல்லுவதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது தாளைத் திருப்பினேன். பொடி எழுத்து. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என் கையிலிருந்து தாள்களை வாங்கி, நடுவில் இருந்த இரண்டையும் புரட்டித் தள்ளிவிட்டு, கடைசித் தாளை எடுத்து வைத்தார். இதெல்லாம் எழுத வேண்டுமே என்று எழுதியது, நீ கடைசியைச் சொன்னால் போதும் என்றார். நான் கடைசியைச் சொன்னேன். அப்பா கையெழுத்துப் போட்டார், தமிழில், மெதுவாக. டாக்டர் உறையைப் பிரித்தார். புது ஊசி. அம்மா அந்த வெறும் உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தாளின் நகல் ஒன்றை எங்களிடம் கொடுத்தார்கள். அது எங்கள் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் போய்விட்டது.

புது மருந்து சிவப்பு நிறம், ரோஜா சர்பத் போல. ஊசி போட்ட அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் தடவை தங்கச்சி அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள், என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்றாவது ஊசிக்கு மேல் சிரிக்கவில்லை. வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கினால் அழுவாள். “வாயில சாவி போட்ட மாதிரி இருக்குக்கா” என்பாள், எதைக் கொடுத்தாலும். பட்டன் டப்பாவைக் கட்டிலில் கொண்டுவந்து வைத்திருந்தோம். அதைத் திறக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. காய்ச்சல் வரும், நாலு நாள் இருக்கும், குறையும், அடுத்த ஊசி வரும். பழைய மருந்து மட்டும் வாங்கிய பிள்ளைகள் இவ்வளவு கஷ்டப்படவில்லை. அம்மாவுக்குக் கண் இருந்ததே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் பாண்டுப்பிலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தார், தமிழ்க்காரர். அவர் மகனுக்கும் புது ஊசிதான் விழுந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவனுக்குச் சிவப்பு மருந்து வரவில்லை. அவனுக்குப் போட வேண்டியது முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று அம்மா நினைத்தாள். அப்புறம் அவர்கள் வேறு வார்டுக்குப் போய்விட்டார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு மத்தியானம். அப்பா கடையை அடைத்துவிட்டுச் சோறு கொண்டுவந்திருந்தார். தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் திறந்து, உதடெல்லாம் வெடித்து. அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, அந்தத் தாள்ல இதப் பத்தி எழுதியிருக்கா? நமக்கு இந்த மருந்து வேண்டாம், பழைய மருந்தே போதும்னு சொன்னா வுட்டுருவாவளா? இல்ல, ஆஸ்பத்திரிய விட்டே வெளிய போன்னுருவாவளா?”

நான் அந்த இரண்டு தாளை வாசிக்கவே இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். வாசிக்கலம்மா, வீட்டில் போய் எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதைக் கொடுத்தாலும் வாசிக்கிற பிள்ளை. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“இல்லம்மா” என்றேன். “அப்படி ஒண்ணும் எழுதல.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிபன் கேரியரின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “அதான் பிள்ள சொல்லுதுல்லா” என்றார்.

அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள், வெளியே போனால் பிள்ளைக்கு எந்த மருந்தும் கிடையாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். சாமி எடுத்துக் கொடுத்த உறை என்றும் இருந்தது அவளுக்கு. ஊசி நாளில் அவளே தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

மார்கழி முடியப் போகிற சமயம். அன்று எனக்குக் கணக்குப் பரீட்சை, அதனால் பள்ளிக்கு வந்திருந்தேன். வகுப்பு வாசலில் அப்பா வந்து நின்றது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது; ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தவருக்கு ஆள் வந்து சொல்லி, அப்படியே கிளம்பியிருக்கிறார். நாலு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. கிருமியோடு போராட ரத்தத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்களாம். பாலத்தின் மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் எழுதாமல் விட்ட கணக்கைப் பற்றி நினைத்துக்கொண்டே வந்தேன், எவ்வளவு வெட்கமாக இருக்கிறது இதைச் சொல்ல.

பதினைந்து நாள் கழித்து, தங்கச்சியின் இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அந்தப் பாண்டுப் அம்மாளைப் பார்த்திருக்கிறாள். மகனுக்கு முடி முளைத்து, ஓடிக்கொண்டிருக்கிறானாம். பேச்சோடு பேச்சாக அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்: எங்களுக்குப் பயமாக இருந்தது, மூன்றாவது ஊசியோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று தாளிலேயே எழுதியிருக்கிறதே, பழைய மருந்தையே கொடுத்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தகரப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். வாசி என்றாள். அப்பா மிஷினில் இருந்தார். நான் இரண்டாவது தாளை வாசித்தேன். மூன்றாவது தாளை வாசித்தேன். மூன்றாவதில் நடுவில் இருந்தது. பெற்றோர் விரும்பினால், காரணம் எதுவும் சொல்லாமல், எந்த நேரத்திலும் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். அதனால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான வைத்தியத்துக்கு எந்தக் குறைவும் வராது. கடினமான இங்கிலீஷ் ஒன்றும் இல்லை. அந்த வயதில் எனக்கு முழுக்கப் புரிகிற இங்கிலீஷ்தான்.

தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை அம்மா கேட்டாள்.

“நீதான வாசிச்ச” என்றாள். “நீதான வாசிச்சுச் சொன்ன.”

அடிக்கவில்லை. கிள்ளினேன் என்று நினைத்து அடித்தவள், இதற்கு அடிக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். டாக்டர்தான் புரட்டித் தள்ளினார், நீயும் இருந்தாயே என்று அம்மாவிடம் அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தையல் முடிந்து, துணியைத் திருப்பி, அடுத்த தையலைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் எதையும் வாசிக்கத் தரவில்லை. ஊரிலிருந்து மாமா கடிதம் போட்டால், எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவாள். அந்தப் பெண் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், பாதிச் சொல் தப்பாக. நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மார்க் வாங்கினேன், உங்களுக்குத் தெரியும். அந்த மார்க் தாளையும் அவள் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. மற்றபடி என்னிடம் நன்றாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள், கல்யாணம் செய்து வைத்தாள், என் இரண்டு பிரசவத்துக்கும் செம்பூரில் என் வீட்டில் வந்து இருந்தாள். மருந்துப் பாட்டிலில் எழுதியிருப்பதை மட்டும் என் கணவரிடம் கேட்டுக்கொள்வாள். அப்படியே இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

நான் டீச்சர் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு, உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் தமிழ்க் குடும்பங்களுக்குத் தாள் வாசித்துக் காட்டப் போகிறேன். இப்போது தமிழிலேயே அச்சடித்து வருகிறது. சாட்சிக்கு ஒருவர் உட்கார வேண்டும். விவரம் தெரிகிற வயசுப் பிள்ளையானால், பிள்ளையிடமும் தனியாகக் கேட்கிறார்கள், உனக்குச் சம்மதமா என்று. நான் இந்த ஆய்வுகளுக்கு எதிரி இல்லை. இன்றைக்கு அந்த நோயிலிருந்து பிழைத்து, காலேஜுக்குப் போகிற பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கிறேன். முன்னால் யாரோ பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டதால்தான் அவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று தெரிந்தது. என் தங்கச்சியும் அந்தக் கணக்கில் ஒரு கோடாக இருப்பாள். ஊசியை நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். சொல்ல முடியாது, நோய் திரும்பி வந்தும் போயிருக்கலாம் என்றார். அது சரியான பதில்தான். ஆனால் விலகலாமா கூடாதா என்று அம்மா தீர்மானித்திருக்க வேண்டும். அவளிடமிருந்து அதை எடுத்துவிட்டோம். நானும் அந்தச் சின்ன டாக்டரும் சேர்ந்து எடுத்தோம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன மாதம் மாட்டுங்காவில் அந்த மாமியைப் பார்த்தேன். தொண்ணூறை நெருங்குகிறார். கட்டிலோடு இருக்கிறார், நினைவு மட்டும் பழுதில்லை. ஆஸ்பத்திரியில் பழைய தொண்டர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது யாரோ விலாசம் கொடுத்தார்கள், போனேன். யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சியின் மஞ்சள் கவுன் வரைக்கும் நினைவு வைத்திருந்தார். நானும் மனசில் இருந்ததைச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை நீங்கள் இல்லாமல் போனீர்களே மாமி, நான் இரண்டு தாளை வாசிக்காமல் விட்டேன், அம்மா சாகிற வரை என்னை மன்னிக்கவில்லை என்றேன்.

மாமிக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“செவ்வாக்கிழமை நான் வந்தேனே. உங்கப்பா அந்தத் தாளை எடுத்துண்டு வந்து, கொழந்தை படிச்சது சரிதானான்னு கேட்டார். வராந்தாவில நின்னுண்டு ஒரு எழுத்து விடாம படிச்சுக் காமிச்சேன். எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லிடலாம்னு போட்டிருக்குன்னு ரெண்டு தடவை சொன்னேன். நன்னாப் புரிஞ்சுண்டார்.”

அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“சொல்ல வேண்டாம்னுட்டார். அவளுக்குத் தெரிஞ்சா பயந்துண்டு பாதியில நிறுத்திடுவா, புது மருந்தாலதான் கொழந்தை பொழைக்கும்னார். பெத்தவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றச்சே நான் என்ன பண்றது. உன்கிட்டயாவது பின்னாடி சொல்லியிருப்பார்னு நினைச்சேன். சொல்லலையா?”

மாமியின் மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு பஸ்ஸில் வந்தேன். என் நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன், கண்டக்டர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது டிபன் கேரியர் தட்டுகளைக் கழற்றிய கைதான். அப்படி ஒன்றும் எழுதவில்லை என்று நான் பொய் சொன்னபோது, அது பொய் என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். அந்தப் பொய் அவருக்கு வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டார். அதுகூட எனக்குப் புரிகிறது. பிள்ளையைக் காப்பாற்றத்தானே நினைத்தார், அந்தச் சிவப்பு மருந்து மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார். பிள்ளை போன பிறகு அம்மா தாளை என் முன்னால் போட்டாளே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிஷினை நிறுத்திவிட்டு, எனக்குத் தெரியும், நான்தான் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தால், அம்மா அவரிடம் சண்டை போட்டிருப்பாள், ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பாள். பெரியவர், தாங்கியிருப்பார். எனக்குப் பதினொரு வயசு.

மாமியை நான் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே அப்பாவும் போய்விட்டார். கடைசி எட்டு மாதம் என் வீட்டில்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், தாள்களை எல்லாம் வாசித்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒவ்வொரு தாளையும் முதலிலிருந்து கடைசி வரை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். ஒரு நாள், ஆபரேஷனுக்கு முன்னால், நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். “எதுக்குட்டி அம்புட்டையும் வாசிக்க? நீ பாத்தாச் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

அம்மா தராமலே போன மன்னிப்பை அவர் தந்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நர்ஸுகள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், அவர் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு அழுதேன். தப்பு பண்ணிட்டேன்ப்பா என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது. காலை இழுத்துக்கொள்ளவில்லை.